தாடி வலை

எங்கள் தொழிற்சாலையின் உள்வாசலில், கை கழுவும் தொட்டிக்கு மேலே, சுவரோடு இரண்டு பெட்டிகள் பொருத்தியிருக்கிறார்கள். முதல் பெட்டியில் தலைமயிருக்குப் போடும் வலை. இரண்டாவதில் தாடிக்குப் போடும் வலை. உறைந்த பரோட்டாவும் சமோசாவும் செய்து பெட்டியில் அடைக்கிற இடம் இது. மார்க்கம் நகரத்தின் தெற்கு எல்லையில், ஸ்ரீல்ஸ் ரோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. சாப்பாட்டில் ஒரு மயிர் விழுந்தால் ஒரு லொறிச் சரக்கே திரும்பி வரும் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். பதினொரு வருடமாக அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். பெயர் எமில்டா. மூன்றாம் லைனுக்கு லைன் லீட், அதாவது இருபத்திரண்டு பேரை மேய்க்கிற வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். அது பொய்யில்லை.

ஆனால் இது தல்ஜிந்தர் கவுரின் கதை. என் கதை நடுவில் புகுந்து அதைக் கெடுத்தது, அவ்வளவுதான்.

போன ஒக்ரோபரில் ஒரு திங்கட்கிழமை, ஏஜென்சி அனுப்பிய ஆறு பேரில் ஒருத்தியாக அவள் வந்தாள். உயரமான பெண், வயது முப்பத்தெட்டு. கருநீலத் தலைப்பாகை, வலது கையில் இரும்புக் காப்பு, சல்வாருக்கு மேலே பழைய குளிர்ச்சட்டை. முகத்தில் தாடி. ஏதோ ஒன்றிரண்டு மயிர் என்று நினைத்துவிட வேண்டாம். நாடியிலும் தாடையிலும் நல்ல கறுப்பாக, அரை விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த தாடி. மேலுதட்டிலும் இருந்தது. அமிர்தம் எடுத்த, அதாவது தீட்சை பெற்ற சீக்கியர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் உடம்பில் ஒரு மயிரையும் வெட்டமாட்டார்கள் என்று எனக்குக் கேள்வி ஞானம் இருந்தது. கேள்விப்படுவது வேறு, காலை ஏழு மணிக்கு எதிரே நின்று அது 'குட் மோர்னிங்' சொல்வது வேறு.

அவளுடைய காப்பைப் பற்றியும் தலைப்பாகையைப் பற்றியும் மனேஜர் வின்சன்ற் எனக்கு முன்னமே எழுதித் தந்திருந்தான். வின்சன்ற் நெடுந்தீவுப் பெடியன், நாற்பது வயது, சட்டம் தெரிந்தவன். நகை போடக்கூடாது என்பது விதி. காப்பு நகையில்லை, அதைக் கழற்றச் சொல்லக்கூடாது, நீளமான நீலக் கையுறையைப் போட்டு மேலே ஒட்டுநாடா சுற்றவேண்டும். தலைப்பாகைக்கு மேலே பெரிய வலை போடவேண்டும். இதெல்லாம் தாளில் இருந்தது. நானும் தயங்காமல் செய்துகாட்டினேன். அவள் கைகளைக் கழுவினாள், முதல் பெட்டியில் ஒரு வலையை எடுத்துத் தலைக்குப் போட்டாள். பிறகு தானாகவே இரண்டாவது பெட்டிக்குக் கையை நீட்டி, அதிலிருந்து ஒரு வலையை இழுத்தாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஆங்கிலம்தான். அது ஆண்களுக்கு, உனக்குத் தேவையில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். விதி அப்படியா என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிக் கிடந்த மாஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதைப் போட்டால் போதும் என்று சொன்னேன். லைன் லீட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் மாஸ்கைக் கட்டிக்கொண்டாள். கையில் எடுத்திருந்த தாடி வலையை மட்டும் திரும்பப் பெட்டிக்குள் திணிக்கவில்லை. நாலாய் மடித்துக் கொண்டுபோய்த் தன் லொக்கரில் வைத்தாள்.

அன்று முழுக்க நான் பெரிய புண்ணியம் செய்தவள்போல நிமிர்ந்து நடந்தேன். இருபது பேர் பார்க்க ஒரு பெண்ணின் கையில் தாடி வலையைக் கொடுக்கலாமா? வெட்கத்தில் செத்துப்போகமாட்டாளா? இப்படித்தான் என் மனம் எனக்குப் பாராட்டுரை வாசித்தது. வலையைத் தானாகவே எடுத்தவள் அவள் என்பதும், அவள் முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை என்பதும் என் மண்டையில் ஏறவில்லை. செத்துப்போகிற வெட்கம் என்னுடையது.

அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் தாடி இருக்கிறது.

இருபத்தொன்பது வயதில், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, நாடியில் தடித்த மயிர் முளைக்கத் தொடங்கியது. ஹோர்மோன் என்றார் டொக்டர். நாங்கள் இருக்கிற வோபர்னில் நூல்கட்டி மயிர் எடுக்கிற கடைகள் நிறைய. ஆனால் போனால் பக்கத்துக் கதிரையில் தெரிந்த முகம் ஒன்று கட்டாயம் இருக்கும். இரண்டு முறையோடு நிறுத்திவிட்டு, மயிர் பிடுங்குகிற சின்னக் குறடு ஒன்று வாங்கினேன். இப்போது ஐம்பத்திரண்டு. இருபத்துமூன்று வருடமாக என் மனுசனுக்கே தெரியாது. ஒருத்தி ஒரு வீட்டுக்குள், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால் அது நான்தான். வீட்டில் ஒரே குளியலறை, வெளியே எப்போதும் யாராவது கதவைத் தட்டுவார்கள். அதனால் காலையில் தொழிற்சாலைக் கார்ப் பார்க்கில், ஷிஃப்ற் தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய் நின்று, காருக்குள் விளக்கைப் போட்டு, வெயில் மறைப்பானில் இருக்கும் கண்ணாடியில் பார்த்துப் பிடுங்குவேன். சில நாட்களில் விட்டுப்போகும். அந்த நாட்களில் விதிப்படி நானும் இரண்டாவது பெட்டியில் கைவைத்திருக்கவேண்டும். ஒரு நாளும் வைத்ததில்லை.

தல்ஜிந்தரின் கை, மாவில் பழகிய கை. வீட்டிலும் குருத்வாராவிலும் ரொட்டி தட்டித் தட்டி வந்தவள். எங்கள் மெஷின் விட்ட குறையை இரண்டு விரலால் சரிசெய்து, அடுத்த உருண்டைக்குப் போய்விடுவாள். ஒரு கிழமையில் லைனில் அவளுக்கு நிகரில்லை. வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாதபோது சனம் வேறு இடத்தில் தேடும். என்னோடு பத்து வருடமாக வேலை செய்கிற பேபி முதல் நாளே அவளுக்குத் "தாடி அக்கா" என்று பெயர் வைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிட ஒரு பங்கு சத்தமாகவே சிரித்தேன், சிரிக்காவிட்டால் யாராவது என் நாடியைப் பார்ப்பார்கள் என்பதுபோல.

"உவ எங்கட லொக்கர் ரூமுக்கையோ உடுப்பு மாத்தப் போறா?" என்று பேபி வின்சன்றிடம் போய்க் கேட்டாள். "வேற எங்க மாத்திறது? அவ பொம்பிளை" என்று அவன் சொல்லி அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவள் உள்ளே வந்தால் பெண்கள் சட்டையை இழுத்துப் போர்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவார்கள். லைனில் இன்னும் இரண்டு பஞ்சாபிப் பெண்கள் இருந்தார்கள், வில்போல புருவம் வைத்த இளம்பெண்கள். தல்ஜிந்தருக்கு அவர்களாவது துணையாக இருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள்தான் எல்லோரையும்விடத் தள்ளிப் போனார்கள். அவளோடு ஒரு மேசையில் இருந்தால் தங்களையும் அப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக இருப்பதைப் பார்த்து, லைன் லீட் என்ற கடமைக்குப் போய் எதிரில் இருந்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. என்னைப் 'பெஹன்ஜி' என்று கூப்பிடுவாள், நாங்கள் அக்கா என்பதுபோல. முள்ளங்கிப் பரோட்டாவைப் பாதியாகப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டுக் கதை சொல்லுவாள். அவள் பிறந்தது பஞ்சாபில், மோகாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பதினைந்து வயதில் முகத்தில் மயிர் வந்தது. தாய் கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் நகரத்தில் நூல்கட்டி எடுப்பித்தாள். முகம் சிவந்து பருவாய்ப் போகும், பரு ஆறுவதற்குள் மயிர் திரும்ப வரும். பத்தொன்பது வயதில் ஒரு கலியாணம் பேசி, நிச்சயம் செய்து, மாப்பிள்ளையின் தமக்கை கிட்டத்தில் வந்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்ததோடு நின்றுபோனது. இருபத்திரண்டில் அமிர்தம் எடுத்தாள். அன்றோடு முகத்தில் கைவைப்பதை விட்டாள்.

அதற்குப் பிறகு சுகமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். முகத்துக்குச் சுகம் என்றாள்.

மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஸ்காபரோவில் அவள் ஏறும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். மருந்துக் கடையில் ஆணென்று நினைத்து "நெக்ஸ்ற், சேர்" என்பார்கள். திருத்துவதில்லை, திருத்திக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும். ஆனால் படிவத்தில் ஆண் என்று அடித்தால் மட்டும் விடமாட்டாள், நின்று மாற்றுவித்துக்கொண்டுதான் வருவாள். ஒரு மோலில் பெண்கள் கழிப்பறையிலிருந்து வெளியே வர, செக்கியூரிற்றி வாசலில் நின்று அடையாள அட்டை கேட்டானாம். குருத்வாராவிலும் சில பெண்கள் இரகசியமாக லேசர் செய்கிற இடத்தின் விலாசத்தைக் கையில் வைத்துவிட்டுப் போவார்களாம். கட்டியவன் லொறி ஓட்டுகிறவன், நல்லவன். ஆனால் கலியாண வீட்டுப் படங்களில் அவளைப் பின்வரிசையில் நிற்கச் சொல்லுவான். மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட வாசலுக்கு வரவேண்டாம், மூலையில் நில் என்று சொல்லியிருக்கிறாள். மகள் புருவம் எடுக்கிறாள், தாய் தடுக்கவில்லை.

உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். எனக்கே வந்தது. "பதின்மூன்று வயதில் எனக்கும் என் அம்மாவைப் பார்த்தால் வெட்கம்தான், பெஹன்ஜி. என் அம்மாவுக்குத் தாடிகூட இல்லை" என்றாள்.

அவள்மேல் எனக்கு இருந்தது பாசமா என்று கேட்டால், ஓம். ஆனால் அதற்கடியில் ஒரு கடுப்பும் இருந்தது. நான் பட்ட பாடெல்லாம் பட்டுவிட்டு, ஒரு நாளில் நூல்கட்டுவதை விட்டுவிட்டு, இவள் மட்டும் எப்படி வெளிச்சத்தில் வந்து இருக்கிறாள்? வேதம் சொன்னதால் இருக்கிறாள், எனக்கு அப்படி ஒரு சாட்டும் இல்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்ப்பேன். சமாதானம் ஆகாது.

டிசம்பர் முதல் கிழமை. காலை ஏழுக்கும் இருட்டுத்தான். கார்ப் பார்க்கில் என் காருக்குள் விளக்கு எரிந்தது. நான் நாடியைத் தூக்கி, உதட்டை உள்ளே மடித்து, ஒரு முரட்டு மயிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இருட்டில் விளக்குப் போட்ட கார், கடை ஜன்னல் மாதிரி. இத்தனை வருடத்தில் அந்த அறிவு எனக்கு வரவில்லை. நிமிர்ந்தபோது, நாலடி தள்ளி, பனியில், தல்ஜிந்தர் நின்றாள். பஸ்ஸால் இறங்கிக் குறுக்கே நடந்து வந்திருக்கிறாள். குறடு என் நாடியில் இருந்தது.

அவள் கையசைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. மெல்லத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவள்போல ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். நான் விளக்கை அணைத்து, இறங்கி, கார்க் கதவைச் சாத்தும்வரை அப்படியே நின்றாள். பிறகு இருவரும் சேர்ந்து நடந்தோம். பஸ் பிந்தியதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசியதில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கேலி செய்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், சண்டை பிடிக்க எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் பார்க்காமல் இருப்பவளை என்ன செய்வது? அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே இருக்கக் கூசியது. ஏதேதோ வேலை இருப்பதாகச் சொல்லிப் பேபியின் மேசைக்குப் போனேன்.

ஜனவரியில் ஓடிற் வந்தது. எங்கள் சரக்கை வாங்குகிற பெரிய கடைக்காரர் வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பித் தொழிற்சாலையைச் சோதிப்பார்கள். வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கையில் பட்டியல், கழுத்தில் கண்ணாடி. மூன்றாம் லைனில் தல்ஜிந்தருக்கு முன்னால் நின்றார். மாஸ்குக்கு வெளியே, இரண்டு பக்கமும், தாடி தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும்? மூக்குக்கும் வாய்க்கும் செய்த துண்டு அது. பட்டியலில் சிவப்புப் பேனையால் கோடு போட்டார். முகமயிர் மூடப்படவில்லை, தாடி வலை இல்லை.

தல்ஜிந்தருக்கு மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. முடிந்திருந்தால் ஏஜென்சி ஆளாக இல்லாமல் எங்கள் ஆளாக, பேர்மனன்ற் ஆகியிருப்பாள். அந்தக் கடிதத்துக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்பது என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. "ஏஜென்சி ஒவ்வொரு இடத்துக்கும் அனுப்பும்போது ஒவ்வொரு இடத்திலும் முதல் நாள் என்று ஒன்று வரும், பெஹன்ஜி. இனி எனக்கு முதல் நாள் வேண்டாம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். புதிய கண்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அவளைப் பார்க்கத் தொடங்கும் நாள் அது.

வின்சன்ற் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டான். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவன் தமிழில் என்னைக் கேட்டான்.

"எமில்டா அக்கா, தாடி நெற் போடவேணும் எண்டு உவவுக்கு முதல் நாளே சொன்னனீங்கள்தானே?"

பக்கத்தில் தல்ஜிந்தர் நின்றாள். எங்கள் மொழி அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இவள் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையோடு. வின்சன்ற் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் எனக்கு அந்தத் துணிவு வந்திருக்காது. தமிழ் எனக்கு மறைப்பாக நின்றது.

"ஓம் தம்பி, சொன்னனான். அவவுக்கு இங்கிலிஷ் வடிவா விளங்கேல்லைப் போல."

அவ்வளவுதான். இரண்டு வசனம். அவன் பெருமூச்சு விட்டு, ஆங்கிலத்துக்கு மாறி, பயிற்சியில் சொன்னதைக் கடைப்பிடிக்கவில்லை என்று எழுதவேண்டியிருக்கிறது என்றான். தல்ஜிந்தர் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மொழி தெரியாவிட்டால் என்ன, முகம் தெரியும்தானே? முகத்தை வைத்து மனிதர்கள் செய்கிற எல்லாவற்றையும் இருபது வருடமாகப் படித்தவள் அவள். "இவதான் வேண்டாம் என்றா" என்று ஒரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஓகே" என்றாள். போய்விட்டாள். அன்றோடு அவளை ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எதற்குப் பொய் சொன்னேன்? லீட் வேலை போய்விடும் என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மற்றப் பாதியை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் நாடியைப் பார்த்த ஒரே ஆள் அவள். அவள் அந்தத் தொழிற்சாலையை விட்டுப் போனால் எனக்கு நிம்மதி என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டிருந்தது. அவள் எனக்குச் செய்த ஒரே குற்றம், அன்று பனியில் எனக்காகத் திரும்பி நின்றது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சோறு இறங்கவில்லை. ஞாயிறு தேவாலயப் பூசையில் நற்கருணை வாங்கப் போகாமல் கடைசி வரிசையில் இருந்துவிட்டேன். ஏனப்பா, சுகமில்லையோ என்று மனுசன் கேட்டார். வயிற்றுக்குத்து என்றேன். ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொன்று.

அவள் போன மூன்றாம் கிழமை, போனவர்களின் லொக்கர்களை வெறுமையாக்கச் சொன்னார்கள், புது ஆட்கள் வருகிறார்களாம். தல்ஜிந்தருடைய நாற்பத்தேழாம் லொக்கரைத் திறந்தேன். உள்ளே ஒரு தேத்தண்ணிக் குவளை, ஒரு சோடி காலுறை, நான் பயிற்சிக்குக் கொடுத்த தாள்கள். தாள்களுக்கு நடுவே, நாலாய் மடித்தபடி, முதல் நாள் அவள் எடுத்த தாடி வலை. தாளில் அந்த விதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. வாசித்திருக்கிறாள், பிழை என்று தெரிந்திருக்கிறது, பெஹன்ஜி சொன்னாளே என்று எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறாள். அந்தக் குறியைப் பார்த்தபடி, லொக்கர் ரூமில், அரைவாசி உடுப்பு மாற்றிய பெண்களுக்கு நடுவே நின்று அழுதேன். பேபி என்னடி என்று கேட்டாள்.

வலையைக் கையில் பொத்திக்கொண்டு வின்சன்றின் அறைக்குப் போனேன்.

"தம்பி, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அவ தானாப் போடத்தான் வெளிக்கிட்டவ. வேண்டாம் எண்டு மறிச்சது நான்தான்."

அவன் கொம்பியூட்டரை விட்டுத் திரும்பினான். அவளை ஏஜென்சி இப்போது தூரத்தில், ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிடங்குக்கு அனுப்பியிருக்கிறது என்றான். அங்கே பஸ் சரியாக இல்லை, போன கிழமைப் பனியில் ஒரு மணித்தியாலம் நடந்து போனாளாம், ஏஜென்சிக்காரி சொன்னாளாம். பிறகு கேட்டான்.

"ஏனக்கா மறிச்சனீங்கள்?"

"ஒரு பொம்பிளைக்கு அதைக் குடுக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது."

"அவவுக்கு வெக்கமில்லை. பிறகு உங்களுக்கு என்ன?"

அவன் குத்திக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டான். அங்கே வாயைத் திறந்து மற்றப் பாதியையும் சொல்லியிருக்கவேண்டும். கை நாடிக்குப் போனது, போன கையைத் திருப்பிக் கழுத்தைச் சொறிவதுபோலச் சொறிந்துகொண்டேன். தெரியாது தம்பி என்றேன்.

அடுத்த நாளே என்னை லீட் வேலையிலிருந்து எடுத்தார்கள். அது சரி, அதற்கு நான் அழவில்லை. தல்ஜிந்தர் மேல் எழுதியதைக் கிழித்து, ஏஜென்சிக்கு அறிவித்து, பேர்மனன்ற் கடிதத்தோடு அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வருவாளோ என்று பத்து நாள் காத்திருந்தேன். வராமல் விட்டால் நல்லது என்று ஒரு மனம், வரவேண்டும் என்று ஒரு மனம்.

பெப்ரவரி கடைசித் திங்கள் வந்தாள். நான் காருக்குள் இருந்தேன். நன்றாக விடியவில்லை, விளக்கு எரிந்தது, கையில் குறடு. இவ்வளவும் நடந்த பிறகும் நான் அந்தக் குறட்டைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் பஸ்ஸால் இறங்கி, இந்தமுறை நேராக என் காரடிக்கு வந்து நின்றாள். அதே கருநீலத் தலைப்பாகை. தாடி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது, அதில் மூச்சுப்பனி படிந்திருந்தது. கண்ணாடியை இறக்கினேன். குறட்டை மடிக்குள் மறைத்தேன்.

என்னை மன்னித்துக்கொள் என்றேன். ஆங்கிலத்தில் அது சின்னச் சொல்லாக இருந்தது.

"நீங்கள் போய்ச் சொன்னதாக மனேஜர் சொன்னார்" என்றாள். "எல்லாவற்றையும் சொன்னீர்களா?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் அவளுடைய பூட்சைப் பார்த்தேன். ஸ்ரௌவ்வில் ரோட்டில் பனி கரையக் கொட்டிய உப்புப் படிந்து வெளுத்திருந்தது.

இரண்டு கார் உள்ளே வந்தன, ஒன்று பேபியுடையது. அவற்றின் வெளிச்சம் என் முகத்தில் விழப்போகிற நேரத்தில், தல்ஜிந்தர் ஓரடி நகர்ந்து என் ஜன்னலை மறைத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அகலமான முதுகு. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"முடித்துவிட்டு வாருங்கள், பெஹன்ஜி" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "நான் நிற்கிறேன்."

பேபி இறங்கி அவளுக்குக் குட் மோர்னிங் சொல்வதும், அவள் திரும்பச் சொல்வதும் கேட்டது. பேபியின் பார்வை அவளுடைய தாடியிலேயே நின்றிருக்கும், எப்போதும் அங்கேதான் நிற்கும். அவள் தன் முகத்தைக் கொடுத்து என் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். இன்னும் மூன்று மயிர் இருந்தது. மூன்றையும் பிடுங்கினேன்.